அவராகவே நின்றுவிட்டாராம்

2019 மார்ச்சில் என் வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத் ஆபரேட்டர், பதினோரு வருஷ சர்வீஸ். கம்பெனி பேர் வேண்டாம், இன்றும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்.

ஆறு மாதம் மாத்திரை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்தில் சர்டிபிகேட் போட்டுக் கொடுப்பார்கள். அதைக் கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் பேங்கில் ஏறும். சாதாரண நோய் என்றால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். காசநோய் மாதிரி நீண்டகால நோய் என்றால், ரெண்டு வருஷ சர்வீஸும் சந்தாவும் சரியாக இருந்தால், அதற்கப்புறமும் 80 சதவீதம் உண்டு. மாசாமாசம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கும்போது “எதுக்கு இந்தத் தண்டம்” என்று புலம்பியவர் இவர்.

ஜூன் கடைசியில் பதிவுத் தபால் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. தகவல் இல்லாமல் தொடர்ந்து வேலைக்கு வராததால், நிலையாணைப்படி, அதாவது கம்பெனியின் வேலை விதிகளின்படி, நீங்களே வேலையை விட்டு விலகியதாகக் கருதுகிறோம், வந்து கணக்கை முடித்துக்கொள்ளவும். கீழே எச்.ஆர். மேனேஜர் கையெழுத்து. ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் படம் எடுத்து அதே மேனேஜருக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் நீல டிக் இருந்தது.

போன் போட்டேன். “நாங்க எடுக்கலைங்க மேடம், அவரா நின்னுட்டாருன்னுதான் போட்டிருக்கோம்” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “பக்கத்து மெஷின்ல நிக்கறவங்க பயப்படறாங்க, கொஞ்சம் புரிஞ்சுக்கங்க.” விஷயம் அதுதான். மருந்து ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் சில வாரத்திலேயே பரவும் தன்மை போய்விடும் என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். அதை இந்த மேனேஜரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

“விடு, செட்டில்மென்ட்டை வாங்கிக்கலாம்” என்று வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், தேதி பார்ப்பது பழகின வேலை. சர்டிபிகேட்டுகளை வரிசையாக அடுக்கினேன், ஒரு நாள்கூட விடுபடவில்லை. பாஸ்புக்கில் இ.எஸ்.ஐ. பணம் ஏறிய வரிகளைப் பென்சிலால் கோடிட்டேன். கம்பெனிக் கடிதத்தின் தேதி சரியாக அந்தக் கோடுகளுக்கு நடுவில் விழுந்தது.

தொழிற்சங்க ஆபீஸில் ஒரு அண்ணன் வாங்கிப் பார்த்தார். “இது 73 ஆச்சேம்மா” என்றார். அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு: நோய்க்கால உதவி வாங்கும் நாட்களில் தொழிலாளியை நீக்கவோ, தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் கொடுத்த நோட்டீஸும் செல்லாது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இருங்க, கம்பெனி வக்கீல் வெங்கடையா கேஸோட வருவார்” என்றார். அது பெரம்பூர் பி அண்ட் சி மில் வழக்கு. எட்டு வேலை நாள் லீவு சொல்லாமல் வராதவர் தானே விலகியதாக மில்லின் நிலையாணை சொன்னது. அப்படி வேலை போவது தண்டனை ஆகாது, 73 தடுக்காது என்று 1963-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. எங்கள் கடிதத்தை எழுதியவர் இதெல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்! ஆனால் 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம், நிலையாணை இருந்தாலும் விசாரிக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் பேரை அடிக்கக் கூடாது என்றது. அந்தத் தொழிலாளிக்கு வேலையும், வெளியே இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கிடைத்தது. எங்களுக்கு மெமோகூட வந்ததில்லை.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார். “இந்த நாட்கள்ல இவர் வேலைக்கு வரலைன்னு இ.எஸ்.ஐ. ஆபீஸ் கம்பெனிகிட்ட எழுதிக் கேட்டிருக்குமே?” கேட்டிருந்தது. கம்பெனியும் ஆமாம் என்று சீல் வைத்துக் கொடுத்திருந்தது. அப்புறம் என்ன தகவல் இல்லாமல்?

வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்து, தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு போட்டோம். முதல் வாய்தாவுக்குக் கம்பெனி ஆள் வரவில்லை. அடுத்ததில் வந்தவர், புது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று தாராளம் காட்டினார். புது ஆள் என்றால் பதினோரு வருஷ கிராஜுவிட்டி எங்கே போகும்? வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், விளையாட்டா? வாயே திறக்காத என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் பேசினார். “பழைய டோக்கன் நம்பர் வேணுங்க” என்றார், அவ்வளவுதான்.

கடைசியில் அதே சட்டத்தின் 12(3) பிரிவில் சமரச ஒப்பந்தம் போட்டு, சர்வீஸ் தொடர்ச்சியோடு நவம்பரில் சேர்ந்தார். உடம்பு தேறி ஃபிட்னஸ் வாங்கிய பிறகும் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டது அவர். என்னைக் கேட்டிருந்தால் லேபர் கோர்ட்டுக்கே போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.