வாடைக் காலத்தில் எந்தக் கடல்?

மார்கழியில் கயாக் ஓட்ட ராமேஸ்வரம் பக்கம் போகிறேன் என்றால் மதுரையில் எல்லோரும் கேட்பது, "மழைக் காலத்துல அங்க என்ன வேலை?" நியாயமான கேள்விதான். 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த ஊர் அது. ஆனால் இரண்டு மழைக்கு நடுவே வெயில் உறைக்காத, காற்று இன்னும் எழும்பாத காலைகள் சில கிடைக்கும். அவற்றைப் பிடிக்கத்தான் இத்தனை பாடும்.

போனில் இருக்கும் வானிலை ஆப் ராமேஸ்வரத்துக்கென்று ஒரு காற்று வேகம் காட்டும். அதை மட்டும் நம்பிக் கிளம்ப முடியாது. இங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் இந்தக் காலத்தில், சாது என்று பேர் வாங்கிய பெண் கடல்தான் ஆடும். ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ்.

பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லோரும் ரயில் பாலத்தைப் படம் எடுக்க நிற்பார்கள். நான் தண்ணீரைப் பார்க்க நிற்பேன். இந்த மாதங்களில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே பாயும். கால்வாயில் அது ஆறுபோல ஓடுவது மேலேயிருந்தே தெரியும். வடபக்கம் கலங்கல், தென்பக்கம் தெளிவு. நங்கூரம் போட்ட வல்லங்களின், அதாவது நாட்டுப்படகுகளின், அணியம் (முன்பக்கம்) எல்லாம் வடகிழக்கைப் பார்த்து விறைப்பாக நின்றால் வாடை நன்றாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றும் ஒரு திசையில் தளர்ந்து கிடந்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

அன்று தளர்ந்துதான் கிடந்தன. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிற பிரப்பன்வலசைக்கு வண்டியைத் திருப்பினோம். வடகடல் ஓரம், விடிந்தும் விடியாத நேரம். இரவெல்லாம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று வாடையைக் கொஞ்சம் தடுத்து வைத்திருக்கும். அதனால் அதிகாலையில் தண்ணீர் அசையாது. துடுப்புப் படும் இடத்தில் கடற்புல் தெரிகிறது, அதற்குள் குட்டி மீன்கள் ஓடுகின்றன. ஆனால் வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பும். இந்தக் கரை வடக்கைப் பார்த்தது என்பதால் கடற்காற்றும் வாடையும் ஒரே பக்கத்திலிருந்து சேர்ந்து வரும். ஆழமும் அதிகம் இல்லாத கடல். காற்று லேசாக ஏறினாலே அலை குட்டை குட்டையாக, நெருக்கமாக எழும். கயாக்குக்கு இதைவிடத் தொல்லை பிடித்த அலை கிடையாது. தூரத்தில் முதல் வெள்ளை நுரை தெரிந்ததும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும், இரண்டாவதுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்று காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே அது வந்துவிட்டது.

சரி, வடக்கே ஆடினால் தெற்கே போகலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். பாம்பன் தீவின் தென்கரையில் இருக்கும் குந்துகாலில் இறங்கிப் பார்த்தால் கடல் தகடுபோலக் கிடக்கிறது. என்னுடன் வந்த நண்பன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டவே ஆரம்பித்துவிட்டான். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் நான்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"கடல் நல்லாத்தானே கெடக்கு அண்ணே?"

"கரையில நல்லாத்தான் கெடக்கும் தம்பி. அங்கிட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு, வலையிலிருந்து பிய்ந்து கிடந்த தெர்மாகோல் துண்டு ஒன்றைத் தண்ணீரில் வீசினார். கொஞ்ச நேரம் காலடியிலேயே சுற்றியது. அப்புறம் நகர ஆரம்பித்தது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கடைசி வல்லத்தையும் தாண்டிப் போயிருந்தது. வாடை இங்கே கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. அதனால்தான் ஓரத்தில் அலையே எழும்பவில்லை. தள்ளிப் போகப் போகத்தான் அதன் வேகம் தெரியும்.

"போறப்ப முதுகுல தள்ளும், சொகமா இருக்கும். திரும்பி வரணும்ல?"

என்னைக் கேட்டால், வாடைக் காலத்தில் ஆடுகிற வடகடலைவிட இந்த அமைதியான தென்கடல்தான் புதியவருக்கு ஆபத்து. ஆடுகிற கடலில் யாரும் இறங்கமாட்டார்கள். எதிரே இருக்கும் குருசடைத் தீவு கைக்கெட்டும் தூரம்போலத் தெரிவது வேறு ஆசை காட்டும். அது தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அந்த விதி இல்லாவிட்டாலும் அன்றைக்குப் போயிருக்கமாட்டேன். முழங்கால் தண்ணீருக்குள்ளேயே, கரையை ஒட்டி, காற்றுக்கு எதிராக முதலில் போய்விட்டுப் பிறகு அதோடு திரும்பி வந்தோம்.

படகுகள் போகவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகிற நாள் மாறி மாறி வரும், வேலைநிறுத்தமும் இருக்கலாம். படகுகள் கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறதா என்று துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிறுத்தியிருந்தால் வேறு யோசனையே வேண்டாம். பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் கவனிக்க வேண்டியது. 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3 என்றால் பலத்த காற்று இங்கேயே வரப்போகிறது. எனக்கு 1 ஏறினாலே போதும்.

மறுநாள் காலை 1 ஏறியிருந்தது. வானம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. நண்பனுக்கு மனசே இல்லை. துடுப்புகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, பாம்பனில் நண்டுக் குழம்பு சாப்பிட்டோம். பிற்பகல் ராமநாதபுரம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது, பரமக்குடி வரை விடவில்லை.