நடுவாசல் ராஜபார்ட்டுக்கு: ஆஸ்பெண்டோஸ் அரங்கம் பார்த்த கதை

துருக்கி போய்விட்டு வந்ததிலிருந்து மதுரையில் யாரிடம் போட்டோவைக் காட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சிங்கத்தோட சண்டை போடுவாங்களே, அந்த இடமா?" இல்லைங்க. ரோமில் இருக்கும் கொலோசியம் வேறு, அது நீள்வட்டம், சுற்றிலும் படிக்கட்டு, நடுவில் சண்டை. நான் போனது நாடகத்துக்கென்று கட்டிய அரங்கம். அரைவட்டமாகப் படிக்கட்டு, எதிரே மேடை, மேடைக்குப் பின்னால் அண்ணாந்து பார்க்கவைக்கிற ஒரு சுவர். ஊர் பெயர் ஆஸ்பெண்டோஸ், அன்டால்யாவிலிருந்து கிழக்கே 45 கிலோமீட்டர் இருக்கும்.

வருகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டைத்தான் படம் எடுக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய விஷயம்தான்: 96 மீட்டர் விட்டம், கீழடுக்கில் 20 வரிசை, மேலடுக்கில் 21, உச்சியில் வளைவு வளைவாக ஒரு நடைக்கூடம். ஆனால் படிக்கட்டு மிஞ்சிய ரோமானிய அரங்கங்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றி நிறைய உண்டு, ஏனென்றால் பல ஊர்களில் படிக்கட்டு மலைச்சரிவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், விழுவதற்கு இடமில்லை. மேடைச் சுவர் அப்படியில்லை. தனியாக நிற்கும், பூகம்பம் வந்தால் முதலில் சரியும், அப்புறம் ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல்லை எடுத்துப் போவார்கள். அந்தச் சுவர் முழு உயரத்துக்கு நிற்பது இங்கே, பிரான்ஸில் ஒராஞ்ச், சிரியாவில் பொஸ்ரா என்று சில இடங்களில்தான். அதனால் ஆஸ்பெண்டோஸ் போனால் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பாருங்கள் என்பேன்.

இதை நான் சொல்லாமலேயே புரிந்துகொண்டவர் என் தாய்மாமா. மேலூர்ப் பக்கம் ஊர், ஸ்பெஷல் நாடகங்களில் பல வருஷம் ஆர்மோனியம் வாசித்தவர், வள்ளி திருமணத்தை விடிய விடிய எத்தனை ஊரில் வாசித்திருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. போனை வாங்கி, படிக்கட்டுப் படங்களை எல்லாம் தள்ளிவிட்டு, மேடைப் படத்தைப் பெரிதாக்கினார். "ஏன் மாப்ள, ஆளு எந்தப் பக்கமிருந்து உள்ள வரும்?"

சுவரில் வரிசையாக 5 வாசல்கள். ரோமானியக் கட்டடக் கலையைப் பற்றி எழுதிவைத்த விட்ரூவியஸ், நடுவாசல் அரண்மனை வாசல் மாதிரி அலங்காரமாக இருக்க வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் இருப்பவை விருந்தாளிகளுக்கான வாசல்கள் என்கிறார். "அப்ப நடுவாசல் ராஜபார்ட்டுக்கு" என்று மாமா முடித்துவிட்டார். அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான்: பின்பாட்டு எங்கே உட்காரும்?

இந்த அரங்கம் கட்டப்பட்டது ரோமானியப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ் காலத்தில், அதாவது கி.பி. 161க்கும் 180க்கும் நடுவில். அந்தக் காலத்து ரோமானிய ஜனங்களுக்கு வசன நாடகத்தைவிடப் பிடித்தது வேறு ஒன்று: ஒரே ஆட்டக்காரர், வாய் மூடிய முகமூடி, ஒரு வார்த்தை பேசமாட்டார், கதை முழுவதையும் உடம்பாலேயே ஆடுவார். பாடுவதற்குத் தனிக் குழு, குழல், தாளம். தாளக்காரர் காலில் மரச்செருப்பு மாதிரி ஒரு கருவியை மாட்டிக்கொண்டு தரையில் தட்டுவார். இதைக் கேட்டதும் மாமாவுக்கு ஒரே சந்தோஷம், பாட்டுக்காரன் இல்லாமல் ராஜாவே ஆனாலும் ஒண்ணும் ஆடமுடியாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மைக் இல்லாமல் எப்படி என்பதற்கும் பதில் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மேடைக்கு மேலே சாய்வாக மரக்கூரை போட்டிருந்தார்கள், கூரை போய்விட்டது, பக்கச் சுவர்களில் அதன் தடம் இருக்கிறது. குரல் பின்னால் போகாமல் சுவரும் கூரையும் அதை ஆட்கள் பக்கம் திருப்பிவிடும். உச்சியில் நின்று முணுமுணுத்தால் கீழே கேட்கும் என்று உள்ளூரில் ராஜா, ராஜா மகள், கட்டடக்காரன் என்று ஒரு கதையே உண்டு. கதை அழகு, நம்பத்தான் முடியவில்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக ஆட்கள் கிரேக்க நாட்டின் பழைய அரங்கங்களில் அளந்து பார்த்து, கிசுகிசுப்பு கடைசி வரிசை வரை போகாது என்று 2017இல் சொல்லிவிட்டார்கள். நான் மேலடுக்கில் இருந்தபோது கீழே ஒரு சுற்றுலாப் பெண்மணி பாடினார். பாட்டு சுத்தமாகக் கேட்டது. பாடி முடித்துத் தோழியிடம் பேசியது ஒன்றும் கேட்கவில்லை.

கட்டியவர் பெயர் ஸெனோன், உள்ளூர்க்காரர். காசு கொடுத்தவர்கள் குர்தியஸ் குடும்பத்து அண்ணன் தம்பி, நம்ம ஊர் கோயில் டியூப்லைட்டில் "உபயம்" எழுதுகிற மாதிரி நுழைவுப் பாதைகளுக்கு மேலே கிரேக்கத்திலும் லத்தீனிலும் பெயரை வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நம்மிடம் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஏறிய மேடைக்கு அளவே இருக்கிறது: 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம், கோலுக்கு 24 விரல். விரலுக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் 16 அடிக்கு 14 அடி. மூன்று வகைத் திரையும் சொல்லியிருக்கிறது. பலகையில் போட்ட மேடை எப்படி மிஞ்சும்? ஆஸ்பெண்டோஸிலும் பலகை மேடை மிஞ்சவில்லை, கல் சுவர்தான் மிஞ்சியது. மதுரைக் கோட்டை வாசலில் யவனர் காவல் நின்றதாக அதே சிலப்பதிகாரம் சொல்கிறதே, அவர்களில் எவராவது இப்படி ஓர் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாரோ என்னவோ.

கல் என்பதால் மட்டும் பிழைத்துவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட செல்ஜுக் துருக்கிய சுல்தான்கள் இதைப் பழுதுபார்த்துத் தங்கும் மாளிகையாக வைத்துக்கொண்டார்கள், அவர்கள் அடித்த சிவப்பு நெளிகோடு இன்னும் சுவரில் தெரிகிறது. நம்ம நாயக்கர் மகாலில் கோர்ட் நடந்ததே, அந்தக் கதைதான், ஆள் புழங்குகிற கட்டடத்தை யாரும் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. 1930இல் துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் வந்து பார்த்தார், அதன்பின் சீரமைத்தார்கள், 1994 முதல் கோடையில் ஆப்பரா, பாலே விழாவும் நடக்கிறது. சமீபத்திய சீரமைப்பில் வைத்த வெள்ளைப் படிகள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, வெயிலில் கண் கூசுகிறது, பழைய கல்லோடு ஒட்டவேயில்லை, அந்த ஊரிலேயே இதற்குப் பெரிய சண்டை நடந்திருக்கிறது.

போகிறவர்கள் உச்சி வெயிலில் போகாதீர்கள், உள்ளே நிழல் குறைவு. அரங்கத்தோடு திரும்பிவிடாமல் வடக்கே இருக்கும் ரோமானியத் தண்ணீர்க் கால்வாயின் கோபுரங்களையும் பாருங்கள். மலைத்தண்ணீரைக் கல்குழாயில் பள்ளத்தாக்கைத் தாண்டவைத்து ஊருக்குள் ஏற்றியிருக்கிறார்கள், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மாமாவுக்கு அதில் ஆர்வமில்லை. ஐந்து வாசலில் பஃபூன் எதில் வருவான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.