பெரிய சனிக்கு முன் கேட்கப்படாத கணக்கு

கத்தோலிக்க திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது பெரிய சனி இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில். அதற்கு ஆயத்தப்படுகிறவர்கள், தவக்காலம் முடியப் போகும் நேரத்தில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பெரிய சனிக்கு முதல் நான் எப்ப பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்?"

செய்யத் தேவையில்லை. சொல்லப்போனால், செய்யவும் முடியாது. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உரியது. பெறாத ஒருவருடைய பிறவிப் பாவம், அவர் தானாகச் செய்த 40 வருசத்துப் பாவம், அவற்றுக்குரிய தண்டனை எல்லாம் அந்தத் தண்ணீரிலேயே போய்விடுகின்றன. பட்டியல் கேட்பதில்லை. பரிகாரமாக ஒரேயொரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லச் சொல்வதில்லை. மனம் வருந்தி, பழைய வழியை விட்டு, விசுவாசத்தோடு வந்தால் போதும். அதே வரிசையில் மெதடிஸ்த சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வருகிற ஒருவர் நின்றால், அவர் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வரவேண்டும். அவர் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர் அல்லவா.

அருள் என்றால் என்ன என்று மணிக்கணக்காகப் படிப்பிக்கலாம். இந்த ஒரு நடைமுறை அதைச் சட்டென்று காட்டிவிடுகிறது. அருள்நிறை மந்திரத்தின் பழைய வடிவமான மங்களவார்த்தைச் செபத்தில் மரியாள் "பிரியதத்தத்தினாலே பூரண" ஆனவர். பிரியத்தோடு தத்தம் செய்தது, கேட்காமலே விரும்பிக் கொடுத்தது என்று அந்தச் சொல்லே பொருள் சொல்கிறது. ஆன்மாவில் தங்கி அதைக் கடவுளுக்கு உகந்ததாக்குகிற அருளைப் பழைய ஞானோபதேசம் இஷ்டப்பிரசாதம் என்றது. புரட்டஸ்தாந்து சபைகளில் அது கிருபை. இந்தச் சொற்களைப் பாட்டிமாரோடு சேமக்காலையில் புதைத்துவிட்டோம் என்பது எனக்குக் கவலைதான்.

"அருள்" சைவ அயலவருக்கும் சொந்தச் சொல் என்பதால் வகுப்பில் அது தடக்குவதில்லை. தடக்குவது "மறுபிறப்பு". சைவக் குடும்பத்திலிருந்து வருகிறவருக்கு மறுபிறப்பு என்பது வினையின் தொடர்ச்சி, அறுக்கவேண்டிய ஒன்று. அதைப் போய்க் கோயிலில் வரமாகக் கேட்கச் சொன்னால் குழம்பாமல் என்ன செய்வார்? யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில் வரும் "அனோதென்" என்ற கிரேக்கச் சொல்லுக்கு "மறுபடியும்" என்றும் "மேலிருந்து" என்றும் இரண்டு பொருள். இயேசு அப்படிச் சொன்னபோது, அவரிடம் வந்திருந்த நிக்கதேம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவது எப்படி என்று கேட்டார். படிப்பிக்கிறவர்கள் "புதுப்பிறப்பு" என்று சொல்லிப் பழகுங்கள். இதே உடம்பில், இதே வீட்டில், மேலிருந்து தரப்படும் உயிர்.

1972இல் வெளியான சடங்குமுறையைப் பார்த்தால், ஆயத்தக்காரர் செய்வதைவிட அவருக்குச் செய்யப்படுவதுதான் அதிகம். முதலாம் படியில் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார்கள். காது, கண், உதடு, நெஞ்சு, தோள் என்று மற்றப் புலன்களிலும் இடலாம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர் எழுதப்படும். பிறகு 3ஆம், 4ஆம், 5ஆம் ஞாயிறுகளில் மூன்று மன்றாட்டுச் சடங்குகள். இவற்றைப் பரீட்சை என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. முழுச் சபையும் அவருக்காக மன்றாட அவர் குனிந்து நிற்பார், அவ்வளவுதான். சமாரியப் பெண், பிறவிக்குருடன், லாசர் ஆகிய நற்செய்திகள் அன்று வாசிக்கப்படும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக வருபவை. நடப்பது இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ என்றாலும், இந்தச் சடங்கு நடக்கும் பூசையில் முதலாம் ஆண்டின் வாசகங்களையே எடுக்கவேண்டும். வாசகப் பட்டியலைத் தயாரிக்கிறவர்கள் தவறவிடுகிற இடம் இது. கிணற்றடியில் தண்ணீர், பிறகு கண், பிறகு கல்லறை. மூவருக்கும் கிடைத்தது அவர்கள் தேடிச் சம்பாதித்தது அல்ல. இறந்து கல்லறையில் கிடந்த லாசரால் கேட்கக்கூட முடியாது.

இனிப் பெரிய சனி இரவு. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் 7. நேரம் போதாவிட்டால் 3 ஆகக் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடந்த யாத்திராகமம் 14ஐ எந்தக் காரணத்துக்காகவும் விடமுடியாது. அதை விட்டால் பின்னால் வரும் தண்ணீருக்கு அர்த்தம் இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் வற்ற வற்றத் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும். பித்தளைப் பாத்திரம் என்றால் முதல்நாளே தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவலாம். மாபிள் தொட்டியில் புளி படவே கூடாது. மாபிளும் சுண்ணாம்புதான், படிவோடு சேர்த்துத் தொட்டியையும் அரித்துவிடும். அதற்கு வெறும் தண்ணீரும் துணியும் பொறுமையும்தான்.

மூன்று தரம் ஊற்றும்போது தண்ணீர் தோலில் பட்டு ஓடவேண்டும். விரலை நனைத்து நெற்றியில் ஒற்றுவது காணாது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தால் தண்ணீர் மயிரின் மேலாலேயே வழுக்கிப் போய்விடும். ஆகவே அன்று எண்ணெய் வைக்கவேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். நன்றாகக் குனிந்து நிற்கட்டும், ஊற்றுகிறவர் நெற்றிப் பக்கமாக ஊற்றட்டும்.

வார்த்தை இன்னும் முக்கியம். "நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "நாங்கள்" என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி வத்திக்கான் அறிவித்தது. அப்படிப் பெற்றவர் திரும்ப முதலிலிருந்து பெறவேண்டும். ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று பலர் கோபப்பட்டார்கள். கொடுப்பவர் கிறிஸ்து, குரு அவருடைய வாய். சபை எவ்வளவு அன்பாகச் சேர்ந்து சொன்னாலும் அது சபையின் கையிலிருந்து கொடுக்கக்கூடிய பொருள் அல்ல. அதே காரணத்தால்தான், சாகக் கிடக்கிற ஒருவர் கேட்டால், ஆஸ்பத்திரியில் நிற்கிற சைவத் தாதியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் சரியான வார்த்தையும், திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணமும் இருந்தால் அது முழுமையாகச் செல்லும்.

வளர்ந்தவருக்கு உறுதிப்பூசுதலும் (தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துகிற சடங்கு) முதல் நன்மையும் (பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்குவது) அதே இரவில். ஆயர் வரும்வரை உறுதிப்பூசுதலைத் தள்ளி வைக்கிற பழக்கம் பிழை. வளர்ந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற குருவுக்குச் சட்டமே அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஞானப்பெற்றோராக ஒருவர் போதும். 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நன்மையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும். அங்கிலிக்கன் நண்பர் கூடச் சாட்சியாக நிற்கலாம். பெயர் மாற்றத்தான் வேண்டும் என்று இல்லை, வீட்டில் வைத்த தமிழ்ப் பெயரோடேயே போகலாம்.

பிழையாகிப்போவது பெரும்பாலும் கல்யாணத்தால். மாப்பிள்ளையோ பெண்ணோ சைவம், நாள் வைத்தாயிற்று, இரண்டு மாதத்தில் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று குரு இருக்கும் அறைவீட்டுக்கு வருகிறார்கள். கல்யாணத்துக்கு ஞானஸ்நானம் அவசியமே இல்லை. ஆயரின் விதிவிலக்கு அனுமதியோடு ஞானஸ்நானம் பெறாதவரைக் கோயிலில் கட்டலாம். தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்கவேண்டும். இதை முதல்நாளே இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டால் எத்தனையோ பொய்ச் சம்மதங்கள் மிச்சம். "வருத்தம் மாறினால் ஞானஸ்நானம் எடுக்கிறன்" என்ற நேர்த்தியும் இதற்குக் கிட்ட வருகிற இன்னொன்று. நேர்த்தியில் பிழையில்லை. விலை பேசி வாங்கியதை ஈவு என்று நம்ப மனம் இடம் கொடாது என்பதுதான் சங்கடம்.

இடப்பெயர்வில் சான்றிதழ் தொலைத்தவர்கள் "எதற்கும் இன்னொருக்கால் கொடுங்கோ" என்று கேட்பார்கள். கூடாது. யாருக்கும் பாதகமில்லாத இடத்தில் நம்பகமான ஒரு சாட்சி போதும். வளர்ந்த வயதில் பெற்றவர் என்றால் அவருடைய சொந்தச் சத்தியமே போதும். விசாரித்தும் உண்மையான ஐயம் தீராவிட்டால் மட்டும் "நீ ஞானஸ்நானம் பெற்றிராவிட்டால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

விரும்பி வந்ததாவது என் சொந்த முயற்சிதானே என்று சிலர் கேட்பார்கள். வரவேண்டும் என்று எழுந்த அந்த முதல் ஆசையும் அருள்தான் என்று 529இல் ஆயர்கள் கூடிய ஒறேஞ்ச் சங்கம் தீர்த்துச் சொன்னது. நம் செயல்களால் அல்ல, அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பதில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999இல் கையொப்பமிட்டார்கள். 2006இல் மெதடிஸ்தர்களும் சேர்ந்தார்கள். நம் ஊரில் இரண்டு கோயிலுக்கும் போகிற குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

தண்ணீர் எதைத் தொடாது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பாவத்தின் பக்கம் இழுக்கிற இச்சை அப்படியே இருக்கும். கோபக்காரர் உயிர்ப்புத் திங்கட்கிழமையும் கோபக்காரர்தான். அதைக் கண்டு "எனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்று பூசைக்கு வராமல் விடுகிறவர்கள் உண்டு. பெந்தகோஸ்து வரையான 50 நாளும் ஞானப்பெற்றோர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பூசையில் பக்கத்தில் இருக்கவேண்டியது இதற்காகத்தான். மனிதருக்குக் கொடுக்கவேண்டியதும் அப்படியே நிற்கும். சீட்டுக்காசை ஏமாற்றி எடுத்திருந்தால் பாவம் மன்னிக்கப்பட்டது, காசு திருப்பிக் கொடுக்கவேண்டும். மொத்தமாக முடியாவிட்டால் மாதத் தவணையாக. ஆள் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளிடம். அவர்களும் கனடாவிலோ எங்கோ என்றால் விலாசம் தேடி எடுத்து.