மிதிக்க மிதிக்கப் பிரகாசித்த சிவப்பு லைற்

ஆமேச்சர் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள்) சுற்றுவித்து வந்த டைனமோவை, அதாவது பற்றறியைச் சார்ஜ் பண்ணும் யந்திரத்தை, காரில் பூட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். டாஷ்போர்டில், சார்ஜ் ஏறாவிட்டால் எரியும் சிவப்பு லைற் அணையவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க இன்னும் பிரகாசமாக எரிந்தது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோல் பொக்ஸுக்குள், டைனமோவையும் பற்றறியையும் இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் சுவிட்ச் படபடவென்று அடித்துப் பொறி பறந்தது. பயந்து நிறுத்திவிட்டேன்.

வண்டி மொறிஸ் மைனர் 1000. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய சீவன். டைனமோ லூக்காஸ் சீ40. பற்றறியின் பிளஸ்தான் வண்டியின் இரும்புப் பொடியில் இணைந்திருக்கும் எர்த். இக்காலத்து வாகனங்களுக்கு நேர் எதிர்.

மீற்றரின் சிவப்பு வயரை டைனமோவில் மின்சாரம் வெளிவரும் பெரிய 'டி' முனையிலும் கறுப்பைப் பொடியிலும் வைத்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டேன். மைனஸ் காட்டவேண்டிய இடத்தில் பிளஸ் 1.8 வோல்ற். சரி, டைனமோ பழுதில்லை, மின்சாரத்தின் திசைதான் மாறிவிட்டது. உள்ளே இரும்பில் மிஞ்சியிருக்கும் கொஞ்சக் காந்தத்தை வைத்துத்தான் டைனமோ மின்சாரத்தைத் தொடங்கும். சுற்றிய கடையில் மைனஸை எர்த் ஆக்கி மோட்டார்போலச் சுழற்றிப் பார்த்திருப்பார்கள், காந்தம் புரண்டுவிட்டது. அதனால் லைற்றுக்குப் பற்றறியும் டைனமோவும் சேர்ந்து கறண்ட் கொடுத்திருக்கின்றன.

எஞ்சினை நிறுத்தி, டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றினேன். இதைச் செய்யாவிட்டால் கறண்ட் கொன்ட்ரோல் பொக்ஸுக்குள்ளும் போய்விடும். காந்தத்தைத் திரும்பப் புரட்ட, பற்றறியிலிருந்து ஒரு வயர் எடுத்து, ஃபீல்ட் கொயிலுக்குப் (காந்தத்தை உண்டாக்கும் சுருள்) போகும் சின்ன 'எஃப்' முனையில் தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னொருமுறை. பொறியே வரவில்லை. ஃபீல்ட் கொயில் அறுந்துவிட்டதோ என்று நெஞ்சு இடித்தது. பிறகு பார்த்தால், பழக்கதோஷத்தில் பிளஸில் வயரைக் கொழுவியிருக்கிறேன்! இந்த வண்டியில் அது வெறும் எர்த். கொயிலின் மறுமுனையும் எர்த். கறண்ட் எப்படி ஓடும்?

மைனஸுக்கு மாற்றி நாலுதரம் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் சின்ன நீலப்பொறி. அவ்வளவுதான் வேலை, அரை நிமிடம்கூட இல்லை.

திரும்ப அளந்தபோது மைனஸ் 1.7. 'டி'யையும் 'எஃப்'பையும் ஒரு வயரால் இணைத்து மெல்ல வேகம் கூட்ட, மைனஸ் 15 வரை ஏறியது. அதற்குமேல் விரட்டவில்லை, 20ஐத் தாண்டினால் கொயிலுக்குக் கூடாது.

கட்-அவுட் பொயின்ற்ஸ் கருகியிருந்தது. நைஸான கண்ணாடித்தாளால் தேய்த்து, வயர்களைக் கொழுவி ஓடவிட்டேன். கொஞ்சம் வேகம் பிடித்ததும் லைற் அணைந்தது. ஐட்லிங்கில் இன்னும் மினுங்குகிறது. டைனமோ வண்டிக்கு அது வழக்கம்தான். பற்றறிப் பெட்டியில் வெள்ளைப் பெயின்ற்றால் 'பிளஸ் எர்த்' என்று எழுதிவிட்டேன். டைனமோவிலும் எழுதவேண்டும், கடைக்குப் போவது அதுதானே.