இழுப்பறைக்குள் உடைந்த மன்மதன்

முடிவு தெரிந்துவிட்ட மர்ம நாவலை மறுபடி படிப்பவர்களைக் கண்டால் என் தங்கைக்குச் சிரிப்பு வரும். "கொலைகாரன் யார் என்றுதான் தெரியுமே, அக்கா!" என்பாள். போன வாரம் நள்ளிரவு தாண்டியும் விளக்கை அணைக்காமல் ஆங்கில எழுத்தாளர் தாஃப்னி டு மாரியேயின் 'ரெபெக்கா'வை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. (நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். முடிச்சையெல்லாம் அவிழ்க்கப்போகிறேன்.)

1938இல் வெளிவந்த நாவல். கதை சொல்லும் பெண்ணுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. மான்டி கார்லோவில் சந்தித்த மாக்ஸிம் டி வின்டரை மணந்துகொண்டு அவனுடைய மாண்டர்லி மாளிகைக்கு வருகிறாள். கணவனின் வயதில் பாதிதான் அவளுக்கு. அங்கே எழுதும் மேசையிலிருந்து மழைக்கோட்டுப் பையில் கிடக்கும் கைக்குட்டை வரை எல்லாமே இறந்துபோன முதல் மனைவி ரெபெக்காவுடையவை.

முதல் வாசிப்பில் நான் வேகமாகத் தாண்டிப்போன காட்சி ஒன்று உண்டு. மேசைமேல் புத்தகங்களை அடுக்கும்போது அவை சரிந்து, விலையுயர்ந்த பீங்கான் மன்மதன் பொம்மை விழுந்து உடைகிறது. அவள் என்ன செய்கிறாள்? துண்டுகளைப் பொறுக்கி இழுப்பறையின் உள்ளே ஒளித்துவைக்கிறாள். அந்த வீட்டின் எஜமானியே அவள்தான்! பொம்மை காணவில்லை என்றதும் பழி ஒரு வேலைக்காரன்மீது விழுகிறது. பிறகுதான் கணவனிடம் உண்மையைச் சொல்கிறாள். வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் அம்மாளின் எதிரில் அவள் கூனிக் குறுகி நிற்பதைப் படிக்கும்போது எனக்கே காது சூடாகிவிட்டது. சிறுவயதில் அத்தையின் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துத் துண்டுகளைப் பழைய துணிக்குள் சுருட்டி வைத்தவள் நான்.

அந்த இழுப்பறையில்தான் ஆசிரியர் நம்மைப் பிடிக்கிறார். இவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாம் பதறத் தொடங்குவது அங்கேதான். மூன்றில் இரண்டு பங்கு கதை நடந்தபின், ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றது தான்தான் என்று மாக்ஸிம் ஒப்புக்கொள்கிறான். இவள் மனத்தில் முதலில் நிற்பது என்ன தெரியுமா? அவன் ரெபெக்காவை நேசிக்கவே இல்லை என்பது! கொலை இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன்பின் மரண விசாரணை நடக்கும் பக்கங்களில் உண்மை வெளிவர வேண்டுமென்று ஒரு கணமும் நான் நினைக்கவில்லை. பொம்மைக்கு ஒளிவிடம் தேடியவளோடு சேர்ந்து, ஒரு பிணத்துக்கும் ஒளிவிடம் தேடிக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் ஹிட்ச்காக் இந்த நாவலை வைத்து 1940இல் எடுத்த படம் ஆஸ்கார் வாங்கியது உண்மைதான். ஆனால் மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்கவில்லை. எனவே படத்தில் ரெபெக்கா தடுமாறி விழுந்து அடிபட்டு இறக்கிறாள். கணவன் நிரபராதியாகிவிட்டால் நமக்கு உறுத்த என்ன இருக்கிறது? எனக்கு அந்தப் படம் பாதி ருசிதான்.

ராணுவ அதிகாரியான கணவரோடு எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்தபோது, அந்த வெயிலில் புழுங்கியபடி டு மாரியே எழுதத் தொடங்கிய நாவல் இது. கதைக் களமான, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் மூடுபனியும் கடலும் பக்கத்துக்குப் பக்கம் இவ்வளவு ஈரமாக இருப்பதற்கு ஊர்மீதான ஏக்கமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1951இல் அவர் எழுதிய 'மை கசின் ரேச்சல்' இன்னும் பொல்லாதது. ரேச்சல் விஷம் வைத்தாளா இல்லையா என்பதைக் கடைசிவரை சொல்வதே இல்லை. நான் இதுவரை இரண்டுமுறை தீர்ப்பை மாற்றியிருக்கிறேன்.

'ரெபெக்கா'வைத் தங்கையிடம் கொடுத்தேன். கொலைகாரன் யார் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன். நேற்று இரவு போன் செய்தாள். மரண விசாரணைக் கட்டத்தில் இருக்கிறாளாம்.

"அக்கா, அவன் மாட்டிக்கொள்ள மாட்டான் அல்லவா?"

நான் பதில் சொல்லவில்லை.