பச்சைப் புத்தகத்தில் ஒரு வருடம் விட்டுப்போனால் சிக்யோங் தேர்தலில் ஓட்டு இல்லை

நாடுகடந்த திபெத்திய நிர்வாகத்தின் தலைவர் சிக்யோங். அவருக்கு ஓட்டுப் போடுவது ஐந்து நிமிட வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற்றுவதற்குள்தான் உயிர் போகிறது. என் மனைவி திபெத்தியர். பதிவு கர்நாடகக் குடியிருப்பு ஒன்றில், குடித்தனம் சென்னையில். 2021 தேர்தலுக்கு அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வயது 18 ஆகியிருக்க வேண்டும், பச்சைப் புத்தகம் (கட்டிய சாட்ரெல்லைப் பதியும், நிர்வாகம் தரும் அடையாளப் புத்தகம்) கையில் இருக்க வேண்டும், சாட்ரெல் பாக்கி இருக்கக் கூடாது. 1972 முதல் வருடாவருடம் கட்டும் பங்களிப்புதான் சாட்ரெல். பேருக்குத் தன்னார்வம், கட்டாதவருக்கு ஓட்டு கிடையாது! தொகை சின்னதுதான். மாட்டிவிடுவது விட்டுப்போன வருடம். படிப்பு, வேலை என்று ஊர் மாறியவர்களின் புத்தகத்தில்தான் அப்படி இடைவெளி விழும். மனைவி ஒரு வருடம் வேறு ஊரில் பணம் கட்டியிருந்தார். ரசீது இருந்தது, புத்தகத்தில் பதிவு இல்லை. கவுன்டரில் இருந்தவர் ரசீதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்தால்தான் கணக்கு என்றார். கட்டிய ஊரிலிருந்து கடிதம் வாங்கி வந்த பிறகே பெயர் ஏறியது. ஆகவே பணம் கட்டிய கையோடு புத்தகத்தையும் நீட்டுங்கள்; பதிவைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

குளிர்கால சீசனுக்கு வெளியூர் போய் ஸ்வெட்டர் விற்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த முறை, வேட்பாளர்களை முடிவு செய்யும் முதல் சுற்று ஜனவரி 3. ஓட்டுப் போடும் நாளில் எங்கே கடை போட்டிருப்போம் என்று பார்த்து, எந்த ஊர்ப் பட்டியலில் பெயர் வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு முடித்துவிட வேண்டும்.

முதல் சுற்றுத்தான் கடினம். டிக் அடிக்கும் சீட்டு இல்லை. பெயரை நாமே எழுத வேண்டும். சிக்யோங்குக்கு ஒரு பெயர். நாடாளுமன்றத்துக்கு நம் பூர்விக மாகாணத்திலிருந்து பத்துப் பேர் வரை: ஊ-சாங், காம், ஆம்தோ மூன்றுக்கும் தலா 10 இடம். மதப் பிரிவுகள் ஐந்துக்கும் தலா 2, வட அமெரிக்காவுக்கு 2, ஐரோப்பாவுக்கு 2, ஆஸ்திரேலியா-ஆசியாவுக்கு 1, மொத்தம் 45. துறவிகளுக்கு மாகாணத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று என இரண்டு ஓட்டு. தென்சின் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும் சமூகம் இது. அரைகுறையாக எழுதினால் ஓட்டு யாருக்கு என்றே தெரியாது. முழுப்பெயரும் ஊரும் வீட்டிலேயே துண்டுத்தாளில் குறித்துப் போவது நல்லது.

இரண்டாம் சுற்று, ஏப்ரல் 11, சுலபமாக முடிந்தது. சிக்யோங் பதவிக்கு பென்பா செரிங் 34,324 ஓட்டு, கெல்சங் தோர்ஜே 28,907. வென்றவர் கர்நாடகத்தின் பைலகுப்பே குடியிருப்பில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர் என்பதில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பெருமை.

இந்த நேரடி ஓட்டே 2001-இல் வந்ததுதான். அதற்கு முன், 1991 சாசனப்படி, அமைச்சர்களை நாடாளுமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் சபாநாயகர் தேர்வு அவர்களுக்குள்தான். சிக்யோங் முன்மொழியும் அமைச்சர்களுக்கும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். இத்தனை பாடுபட்டு நாம் அனுப்பிய உறுப்பினர்களோ பதவிப் பிரமாணத் தகராறில் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். அது 2021 அக்டோபரில்தான் தீர்ந்தது.