கைப்பையிலேயே தங்கிவிட்ட கடிதம்

மகள் பிறந்து இன்றோடு 23 நாள். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மன அழுத்தத்துக்கு இரண்டு வருடமாக செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிடுகிறேன். நாள் தள்ளிப்போய் செக்கப்புக்குப் போன இடத்தில் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "மாசமா இருக்கறப்ப இதெல்லாமா? இன்னைக்கே நிறுத்திடுங்க" என்றார். பயத்தில் நிறுத்திவிட்டேன். நான்கே நாளில் தலைசுற்றல், தூக்கமில்லை. மூன்றாவது வாரம் குளிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. அம்மாதான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும், அதுவும் குழந்தைக்கு நல்லதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். கர்ப்பிணிகளுக்கு அதிகம் கொடுத்துப் பழகிய மருந்துதான் இது என்றார். மறுபடி ஆரம்பித்தேன். அப்புறம் பிரசவம்வரை பிரச்சினையே இல்லை.

தவறு வேறு இடத்தில் நடந்தது. மனநல மருத்துவர் இந்த மருந்து பற்றி எழுதித் தந்த கடிதத்தைப் பிரசவ ஃபைலில் சேர்க்கச் சொல்லி கவுண்டரில் நீட்டினேன். "இது இங்க வேண்டாம்மா" என்று திருப்பித் தந்தார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

பிறந்த மறுநாள் குழந்தையின் கை கால் வெடவெடவென்று நடுங்கியது. மூச்சு வேகமாக இருந்தது, பால் குடிக்கவில்லை. சர்க்கரை குறைவா, கால்சியமா, கிருமித்தொற்றா என்று குதிகாலில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். இரவு வந்த குழந்தைகள் டாக்டர்தான், "நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். இந்த வகை மருந்து எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் மூன்று பேர்வரை இப்படி இருக்கலாம், பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கிவிடும் என்றார். அந்தப் பரிசோதனைகள் எப்படியும் தேவைதானாம். ஆனால் காரணம் தெரியாமல் நான் அழுத அந்தப் பதினாறு மணி நேரம் தேவையே இல்லை.

நுரையீரலின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாவது அரிதாக நடக்கலாம் என்பதால் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான்காம் நாள் நடுக்கம் நின்றது. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்று சொன்னதால் மாத்திரையும் பாலும் தொடர்கின்றன.

தோழிகளே, மனநல டாக்டரிடம் பேசாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்தின் பெயர், அளவு எழுதிய கடிதத்தை எட்டாம் மாதமே குழந்தைகள் டாக்டரின் கையில் கொடுத்துவிடுங்கள். பிறந்த முதல் 2 நாளாவது குழந்தையைக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள்.

நான் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரை எழுதவைத்த பிறகுதான் ஆட்டோ ஏறினேன்.